ஒரே வரி பேசும் ஊர்க்காரர்கள்

1

“அப்பா, அத்தை வேற ஏதாவது பேசுவாங்களா?”

ரயிலில் எனக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள் பிருந்தா இப்படிக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு உண்மையாகவே எழுந்த ஐயம் அது. அவளுடைய அத்தை, அதாவது என் அக்கா செல்லக்கனி, பசுவந்தனையில் இருக்கிறாள். பெற்றோர் காலமான பிறகு ஊரில் எனக்கென்று மிஞ்சியிருப்பவள் அவள்தான். அவளுக்கும் எனக்கும் இடையில் மிஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பு ஒன்றுதான். அந்த அழைப்பைப் பக்கத்திலிருந்து கேட்டே வளர்ந்த பிள்ளை, அத்தைக்கு வேறு பேச்சு உண்டா என்று கேட்கிறது.

அடுத்த நிலையத்தின் பெயர் வருகிறதா என்று பார்ப்பவனைப் போலக் கதவுக்கு மேலிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இறங்க வேண்டிய நிலையம் வெகு தொலைவில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

2

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் வசிப்பது ஜப்பானில், நகோயாவை ஒட்டிய ஒரு தொழிற்பேட்டை நகரத்தில். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகள் வருகிறார்கள், பெஞ்சுக்கு அடியில் கையடக்க விளையாட்டுக் கருவியும் வருகிறது. உயிர்மெய் எழுத்து பலகையில் நடந்துகொண்டிருக்கும்போது, கீழே ஒரு வாள்வீரன் காட்டைக் கடந்துகொண்டிருப்பான். இவற்றை ஆர்.பி.ஜி. என்கிறார்கள். ஒரு கதாபாத்திரமாக நாமே நடந்து, ஊர் ஊராகப் போய், துணைவர்களைச் சேர்த்து, கடைசியில் ஒரு பெருந்தீமையை எதிர்க்கும் நெடுங்கதை விளையாட்டுகள். ஒன்றை முடிக்க ஒரு பருவம் முழுவதும் ஆகும்.

தடை செய்ய வேண்டும் என்றனர் சில பெற்றோர். அறியாத ஒன்றைத் தடை செய்வது நியாயமாகாது என்று நான் எழுந்து சொன்னேன். பழக்கதோஷம், கோவில்பட்டியில் படிக்கிற காலத்திலிருந்தே எந்தக் கூட்டத்திலும் எழுந்து இரு பக்கத்தையும் எடுத்துச் சொல்லாமல் என்னால் உட்கார முடிந்ததில்லை. அப்படியானால் நீங்களே ஆராய்ந்து பேசுங்கள் என்று என் தலையில் கட்டினார்கள். பல மாதங்கள் பிருந்தாவின் கருவியை வாங்கி விளையாடினேன். அவள் பக்கத்தில் அமர்ந்து, “அப்பா, அங்க போகாதீங்க, செத்துருவீங்க,” என்று வழிகாட்டினாள். அவள் என்னோடு அவ்வளவு தமிழ் பேசியது அந்த மாதங்களில்தான்.

ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் பேசினேன். என் முடிவுகளை இங்கும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றை இப்போதும் நம்புகிறேன்.

முதல் நற்குணம், அவை காத்திருக்கின்றன. பழைய பாணி விளையாட்டுகளில் சண்டைகூட முறைவைத்து நடக்கும். எதிரி ஓங்கிய வாளோடு நிற்பான். நான் யோசித்து முடிக்கும்வரை வெட்ட மாட்டான். பேச்செல்லாம் திரையின் கீழே ஒரு கட்டத்துக்குள் எழுத்தாக வரும். படித்துப் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வரி. அவசரமே ஒழுக்கமாகிவிட்ட இந்த நாட்டில் இப்படிப் பொறுமையான ஒன்று எப்படிப் பிறந்தது என்று வியந்தேன்.

இரண்டாவது, தனியொருவனால் எதுவும் ஆகாது. வைத்தியம் தெரிந்தவள், கதவு திறக்கத் தெரிந்தவன், எதற்கும் உதவாமல் பாடிக்கொண்டிருப்பவன் எல்லாரும் வேண்டும். பலவீனமானவனை விட்டுவிட்டுப் போனால் பின்னால் ஓரிடத்தில் அவனில்லாமல் திண்டாட நேர்கிறது. எதிரிக்கும் ஒரு துக்கம் இருக்கிறது. அதைக் கடைசியில் அறியும்போது ஜெயித்தது இனிப்பதில்லை. இவற்றைப் பிள்ளைகளுக்கு நாம் பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

குறைகளும் உண்டு. ஒரே காட்டில் ஒரே புழுவை மணிக்கணக்காக அடித்து வலிமை சேர்க்கச் சொல்வது உழைப்பு அன்று, உழைப்பின் பாவனை. வாளெடுத்துப் போருக்குப் போகும் பெண்களுக்கு உடம்பை மறைக்காத கவசம் தைத்தவர் வெட்கப்பட வேண்டும். கதாநாயகன் கடைசியில் ஏதோ அரச வம்சத்தில் பிறந்தவனாகவே இருப்பான். நடந்தே உலகத்தைச் சுற்றியவனின் பெருமை கால்களுக்குப் போகாமல் ரத்தத்துக்குப் போய்விடும். அவன் யார் வீட்டுக்குள்ளும் நுழைகிறான், இழுப்பறையைத் திறக்கிறான், பானைக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்காரர் அருகிலேயே நின்று, “இன்று நல்ல வெயில்,” என்கிறார். எங்கள் பக்கத்தில் இதைச் செய்தால் உலகைக் காப்பாற்ற ஆள் மிஞ்சாது என்றேன், கூட்டம் சிரித்தது.

இன்னொன்றும் சொன்னேன். பல கதைகளில் தொடக்கத்திலேயே நாயகனின் சொந்த ஊர் எரிந்துபோகிறது. அவன் குற்ற உணர்வில்லாமல் கிளம்புவதற்கு அது வசதி. நம் ஊர்கள் எரியவில்லை, அப்படியே இருக்கின்றன. கிளம்பி வந்தவர்களின் சங்கடமே அதுதான் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் பேச்சு எனக்கே பிடித்திருந்தது.

முத்தாய்ப்பாக வைத்த குறை இது: அந்த ஊர்களில் ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி. எத்தனை முறை போய்க் கேட்டாலும் கிணற்றடிப் பெண், “வடக்கே பாலம் உடைந்துவிட்டது,” என்பாள். மனிதர்களை வழிகாட்டிப் பலகைகளாகப் பார்க்க இது நம் பிள்ளைகளைப் பழக்கிவிடும்; இதன் விளைவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று முடித்தேன். கைதட்டினார்கள். பிருந்தா பின்வரிசையில் இருந்தாள்.

திரும்பி வரும்போதுதான் ரயிலில் அப்படிக் கேட்டாள்.

3

இந்த ஊரில் நானும் ஒரு வரி பேசுகிறவன்தான். இதை மறைக்க வேண்டியதில்லை.

கடையில் பொருளை நீட்டியதும் அந்தப் பெண் பை வேண்டுமா என்பாள்; வேண்டாம் என்பேன். சலுகை அட்டை இருக்கிறதா என்பாள், இல்லை என்பேன். ஒருநாள் அவள் இடையில் வேறேதோ கேட்டாள். அட்டை இல்லை என்றேன். அவள் புன்னகைத்துத் தலைகுனிந்தாள். வெளியே வந்த பிறகு பிருந்தா சொன்னாள்: “மழை நின்னுடுச்சான்னு கேட்டாங்கப்பா.” குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும் அலுவலகத்திலும் இதே கதைதான். மூன்றாம் சாளரத்தில் என்ன கேட்பார்கள், நான்காவதில் என்ன கேட்பார்கள் என்பதை மனப்பாடம் செய்துகொண்டுதான் போகிறேன். வரிசை மாறினால் தொலைந்தேன். காதில் விழுவதற்கு நான் பதில் சொல்வதில்லை. வரிசையில் அடுத்து வரவேண்டியதற்குப் பதில் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தும் இப்படித்தான்.

இந்த அனுபவத்தை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு.

4

கூட்டத்துக்கு மறுநாள் ஞாயிறு. காலையில் வழக்கம்போல் அழைத்தேன். அக்காவை அழைப்பது எனக்கு ஒரு வேலையோடு வேலை. சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டோ, சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டோ பேசுவேன். முகம் தெரியும் அழைப்புதான். ஆனால் கைபேசியை மேடையில் மல்லாக்க வைத்துவிடுவதால் அவளுக்குத் தெரிவது எங்கள் சமையலறைக் கூரை மட்டுமே.

எங்கள் உரையாடலை நீங்கள் ஒருமுறை கேட்டால் போதும். நல்லாருக்கியாக்கா என்பேன். நல்லாருக்கேன்யா என்பாள். சாப்ட்டாச்சா என்பேன். ஆச்சு என்பாள். மழை உண்டா என்றால், இங்கன ஒரு பொட்டு இல்ல, மேகம் வருது போகுது என்பாள். மழைக்காலத்தில் மட்டும், உண்டும்யா, நல்ல மழை என்பாள். கணேசன் என்ன செய்யுதான் என்றால், வேலைக்குப் போயிருக்கான் என்பாள். கணேசன் அவள் மகன். கோவில்பட்டியில் ஒரு லாரிப் பட்டறையில் இருக்கிறான். பிறகு, மொகத்தக் காட்டிப் பேசுலே என்பாள். கை சோலியா இருக்குக்கா என்று சிரிப்பேன். சரி, ஒடம்பப் பாத்துக்கோ. அவ்வளவுதான்.

அன்று, மழையைப் பற்றி நான் கேட்பதற்கு முன்னால் பிருந்தா குறுக்கே புகுந்தாள். ஆர்.பி.ஜி. விளையாடும்போது எந்த ஊர்க்காரரிடமும் அவள் ஒருமுறை பேசிவிட்டு நகர்வதில்லை. நல்ல விளையாட்டுகளில் விடாமல் கேட்டால் புது வரி வரும் என்பது அவள் அனுபவம். அதை அத்தையிடம் செய்து பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. குனிந்து கைபேசியிடம், “அத்தை, உங்க ஆடுங்களுக்குப் பேரு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“இங்கன ஒரு பொட்டு இல்லய்யா. மேகம் வருது, போகுது.”

பிருந்தா என்னைப் பார்த்தாள். மறுபடியும், இன்னும் தெளிவாக, “அத்தை, ஆட்டுக்குப் பேரு,” என்றாள்.

“வேலைக்குப் போயிருக்கான்யா. மொகத்தக் காட்டிப் பேசுலே.”

அரிசி களைந்த கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. மறதியோ, வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருக்கிறாளோ என்றெல்லாம் எண்ணிப் பார்க்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அந்தப் பதில் எனக்குப் பழக்கமான பதில். கடைக்காரப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில். கேட்டதற்குச் சொன்னது அன்று. வரிசையில் அடுத்ததற்குச் சொன்னது. பேசுவது நானா பிருந்தாவா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“அப்பா,” என்றாள் பிருந்தா மெல்ல, “அத்தைக்குக் கேக்கல.”

5

கணேசனை அழைத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“ஊருக்கே தெரியும் மாமா. ஒங்களுக்குத்தான் தெரியாது.”

போன வருசத்துக்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டதாம். கோவில்பட்டியில் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். நெடுங்காலம் நூற்பு மில்லின் இரைச்சலில் நின்ற காது, இனி திரும்பாது என்று சொல்லிவிட்டாராம். காதில் மாட்டும் கருவி கொடுத்திருக்கிறார்கள். மாட்டினால் மறுபடியும் மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாளாம். நேரில் பேசினால் சமாளித்துக்கொள்கிறாள், ஃபோன் மட்டும்தான் முடியாது என்றான்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா மாமா. ‘அவன் பேசுததே அஞ்சு நிமிசம், அதையும் கெடுத்துராதலே’ங்கா. நான் என்ன செய்ய?”

அவள் மில்லில் சேர்ந்ததும் நான் கல்லூரியில் சேர்ந்ததும் ஒரே ஆண்டு. இந்த இரண்டையும் சேர்த்து அவள் ஒருபோதும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. கல்லூரி முடிந்து சில மாலைகளில் நான் ஷிப்ட் பேருந்தில் அவளோடு ஊர் திரும்பியிருக்கிறேன். பேருந்து நிறைய மில் பெண்கள். ஒரு சத்தம் இருக்காது. ஆனால் எல்லாரும் பேசிக்கொண்டிருப்பார்கள். எந்திர இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் உதட்டை அசைத்தும் கையைக் காட்டியும் பேசிப் பழகியவர்கள். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. முன்னிருக்கையிலிருந்து ஒருத்தி திரும்பி உதட்டை மட்டும் அசைப்பாள். கடைசி இருக்கை வரை தோள் குலுங்கச் சிரிக்கும். என்ன சொன்னா என்று நான் கேட்டால், “ஒன்னப் பத்தித்தான், போலே,” என்பாள் அக்கா.

நேரில் எப்படிச் சமாளிக்கிறாள் என்பது அப்போது எனக்கு விளங்கியது. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது நான் பேசப் பேச அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநாள் கழித்து வந்த தம்பியை ஆசை தீரப் பார்க்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன். இங்கே வந்து நண்பர்களிடம்கூடச் சொன்னேன்.

மொகத்தக் காட்டிப் பேசுலே.

ஒரே வரி பேசும் ஊர்க்காரர்களைப் பற்றி மேடையில் குறை சொன்னேன் அல்லவா? அந்த விளையாட்டுகளை ஒழுங்காக ஆடியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். கிணற்றடிப் பெண், பாலம் உடைந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்வது அவளுக்கு வேறு பேச்சு இல்லாததால் அன்று. பாலம் இன்னும் உடைந்தே கிடப்பதால். யாராவது போய்ச் சரிசெய்யும்வரை அவள் அதைத்தான் சொல்ல முடியும். பிருந்தாவிடம் இதைக் கேட்டேன். “அது எல்லாருக்கும் தெரியுமேப்பா,” என்றாள். “பாலத்தைச் சரி பண்ணிட்டு வந்தா அவங்க வேற பேசுவாங்க.”

அதையும் நான் கவனித்திருக்கவில்லை. சிறந்த ஆர்.பி.ஜி.களில் கதை ஓரடி நகர்ந்ததும் பழைய ஊர்களில் உள்ள ஒவ்வொருவரின் பேச்சும் மாறியிருக்குமாம். அதைக் கேட்கப் போவதால் பரிசு கிடையாது, வலிமை கூடாது. திரும்பிப் போகிறவர்களுக்கு மட்டும் கேட்கும். இத்தனை உழைப்பை யாருக்காக எழுதி வைத்தார்கள் என்று யோசித்தேன். ஜப்பானிய ஆர்.பி.ஜி.களின் ஆகப் பெரிய நற்குணம் இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நான் முன்னோக்கியே போய்க்கொண்டிருந்ததால் என் பேச்சில் அது இடம்பெறவில்லை.

6

அன்றே மறுபடி அழைத்தேன். சன்னலுக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி அமர்ந்தேன். கைபேசியை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். அக்காவின் முகம் வந்தது. திரையை உற்றுப் பார்த்து, சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.

“என்னலே, இன்னைக்கு மொகம் தெரியுது? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?”

ஒன்றும் இல்லை என்று தலையசைத்தேன். பிறகு வாயைத் திறந்து நிதானமாக, “ஒனக்குக் காது கேக்கலியாக்கா?” என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டவளிடம் நான் என்ன சொன்னாலும் போய்ச் சேராது என்பதை அந்தக் கணத்தில்தான் உணர்ந்தேன். அவளாகத் திரும்பும்வரை காத்திருந்தேன்.

“கணேசன் சொன்னானா?”

பிருந்தாவைக் காட்டினேன்.

“ஏட்டி, கள்ளி,” என்றாள். சிரித்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: “சொன்னா நீ என்ன செய்வ? கணேசங்கிட்ட வெவரம் கேட்டுட்டு வச்சிருவ. பெறவு எனக்கு என்ன இருக்கு? நீ கேக்கதுதான் எனக்குத் தெரியும்லா. முன்னப் பின்ன மாத்திக் கேக்கமாட்ட. வார்த்த வெளங்கலன்னாலும் சத்தம் வருது. ஒஞ் சத்தம்தான, அது போதும்னு இருந்தேன்.”

கைபேசியை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்தேன்.

“மொகத்தக் காட்டுன்னு எத்தன மட்டம் சொன்னேன். நீ கூரையத்தான் காட்டுன. ஒங்க வீட்டுக் கூரைல எந்த மூலைல நூலாம்படை இருக்குன்னு கேளு, சொல்லுதேன்.”

மன்னித்துக்கொள் என்ற சொல்லை எங்கள் வீடுகளில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல முயன்றேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “என்ன சொல்லுத? வெளங்கல,” என்றாள். இரண்டாம் முறை சொன்னேன். அப்போதும் விளங்கவில்லை. பிருந்தா என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, பிழையான தமிழில், ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து ஏதோ சொன்னாள். அக்கா உடனே தலையாட்டினாள்.

“இவ வாய் நல்லா வெளங்குது. ஒனக்குத்தாம்லே மீச மறைக்கி.”

அதன் பிறகு பிருந்தா தன் பழைய கேள்வியைக் கேட்டாள். ஆடுகளுக்குப் பெயர் உண்டா? உண்டாம். வெள்ளாட்டுக்கு ராணி. அதன் குட்டிகள் இரண்டுக்கும் நடிகைகளின் பெயர்கள். கறுத்த கிடாய்க்கு ஜப்பான்.

“ஏன் ஜப்பான்?” என்றாள் பிருந்தா.

“கூப்புட்டா வராது தாயி.”

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன்.

7

அடுத்த சனிக்கிழமை தமிழ் வகுப்பில் எழுந்து, என் பேச்சின் கடைசிப் பகுதி தவறு என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை, அது சரியென்றே பட்டது.

ஞாயிறு காலையில் சோறு வைக்கும் வேலையை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். நல்லாருக்கியா, சாப்ட்டாச்சா என்ற கேள்விகளை விட்டுவிட்டேன். மழைக்கு முன்னாலேயே புழுதி விதைப்பு செய்யப்போகிறாளா, பன்றி வந்து மக்காச்சோளத்தை அழித்ததா, யாரோடு சண்டை என்று கேட்கிறேன். சில பதில்கள் கேட்க இதமாக இல்லை. அம்மாவின் காரியத்துக்கு நான் வந்து மூன்றாம் நாளே கிளம்பியதைப் பற்றி அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தவணை தவணையாகச் சொல்கிறாள். பிருந்தா பக்கத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்கிறாள்.

மீசையை எடுத்துவிட்டேன்.